புதுச்சத்திரம் கிராசிங்

பதினோரு வருஷமாக ஜான்சியோடு சேர்ந்து போய்வந்த ரயிலில் அருள்மொழி கடைசியாக ஏறியது மாசி மகத்தன்று சாயங்காலம். கணவனுக்கு சூரத்தில் வேலை கிடைத்துவிட்டது. மறுநாள் குடும்பத்தோடு கிளம்புகிறாள்.

இருவரும் சிதம்பரத்துக்காரர்கள். ஜான்சி கடலூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அருள்மொழிக்கு அங்கேயே ஓர் அச்சகத்தில் வேலை. வீட்டில் அடுப்பு, ஆபீஸில் அவசரம். இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கென்று வாய்த்தது புதுச்சத்திரம் கிராசிங். ஒற்றைத் தண்டவாளம். எதிரே எக்ஸ்பிரஸ் வந்து கடக்கும்வரை பாசஞ்சர் கால் மணி நேரம் நிற்கும். பெட்டியில் எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இவர்கள் இறங்கிப்போய் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். முதலில் கொஞ்ச நேரம் பேசக் கூடாது. பிறகு, இன்றைக்கு எதனால் மனசு குளிர்ந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பொய் ஆகாது. சொல்ல ஒன்றும் இல்லாதவள் மறுநாள் வேர்க்கடலை வாங்க வேண்டும். இதுதான் சட்டம்.

ஒருநாள் அருள்மொழி, "கல்யாணப் பத்திரிகையில மாப்பிள்ளை பேரையும் பொண்ணோட அப்பா பேரையும் மாத்திப் போட்டுட்டேங்க்கா. அச்சாவறதுக்குள்ள பாத்துட்டேன். அதான் இன்னிக்கு" என்றாள்.

"அப்பா தப்பிச்சாரு" என்று சிரித்ததில் ஜான்சிக்குப் புரையேறிவிட்டது.

மாசி மகத்தன்று, தேவனாம்பட்டினத்தில் தீர்த்தவாரி முடித்த கூட்டம் காலில் கடல் மணலோடு ஏறியிருந்தது. நெருக்கியடித்து உட்கார்ந்ததில், ஆலப்பாக்கம் வருவதற்குள் அருள்மொழி ஜான்சியின் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். புதுச்சத்திரம் வரும்வரை ஜான்சி அந்தத் தோளை அசைக்கவே இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்ததும் அருள்மொழி கேட்டாள். "சொல்லுங்கக்கா. கடைசி நாளு, பெருசா ஒன்னு சொல்லுங்க."

ஜான்சிக்கு முணுக்கென்று கோபம் வந்தது. "போறவளுக்கு என்ன கதை வேண்டியிருக்கு? இன்னிக்கு எனக்கு ஒன்னும் இல்ல."

அருள்மொழியின் முகம் சுண்டிப்போனது. சிதம்பரத்தில் இறங்கியதும், "வரேங்க்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள்.

அந்தப் பொய் ஜான்சியைப் பல மாதம் அறுத்தது. அருள்மொழி தன் தோளில் தூங்கியதையே சொல்லியிருக்கலாம். "நல்லா இருக்கியா அருளு?" என்று அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று வரும், அவ்வளவுதான். கோபம் ஆறவில்லை போல என்று ஜான்சி நினைத்துக்கொண்டாள். கிராசிங்கில் இறங்குவதையும் விட்டுவிட்டாள். போனைத் தள்ளித் தள்ளியே கால் மணி நேரம் கரைந்தது.

ஒருநாள் சார்ஜ் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது. வேறு வழியில்லாமல் இறங்கினாள். பிளாட்பாரத்தில் கடலை விற்கும் தைலம்மாள் கூடையோடு வந்தாள்.

"என்னம்மா, ஜோடி போனதும் எம் பொழப்புலயும் மண்ணப் போட்டுட்டியே?"

"கடலை திங்கவே புடிக்கலம்மா."

"திங்க வேணாம். இத்தினி வருசம் பின்னாடி நின்னு உங்க கதையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்? எனக்கும் இன்னிக்கு ஒன்னு இருக்கு, கேக்கத்தான் ஆளில்ல." கூடையை இறக்கி வைத்தாள். "எம் மருமவ, நான் கேக்காமயே தலை சீவி உட்டா. நேத்து புடிச்சி உலுக்குன அதே தலைய."

ஜான்சி சிரித்துவிட்டாள். மறுநாளும் இறங்கினாள். தைலம்மாளிடம் சொல்ல ஏதாவது வேண்டுமே என்று காலையிலிருந்தே கண் தேட ஆரம்பித்தது. கிள்ளை தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போது தண்ணீரில் விழும் வெயில். ஒரு திருத்தமும் போடாமல் வக்கீல் கையெழுத்திட்ட பக்கம். எல்லாவற்றையும் சொன்னாள். தோளைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அதைக் கேட்க வேண்டியவள் சூரத்தில் இருந்தாள்.

நாலு வருஷம் கழித்து, அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. அருள்மொழி எழுதியிருந்தாள்.

"அக்கா, கோவமெல்லாம் இல்ல. பொய் சொல்லக் கூடாதுன்னு சட்டம். நெசமா சொல்ல இங்க எனக்கு ஒன்னும் கெடைக்கல, அதான் எழுதல. இன்னிக்கு எங்க அபார்ட்மெண்ட் லிஃப்ட் எட்டாவது மாடிக்கும் ஒம்பதுக்கும் நடுவுல நின்னுபோச்சு. கால் மணி நேரம். உள்ள இருந்தவங்க எல்லாம் ஹிந்தியில திட்டுறாங்க. எனக்கு மட்டும் எதுத்தாப்ல எக்ஸ்பிரஸ் வரப்போற மாதிரியே இருந்துச்சு. தனியா சிரிச்சேன். இது என்னோடது. மாசி மகத்தன்னிக்கு ஒன்னும் இல்லன்னு சொன்னீங்களே, அந்தக் கடலை இன்னும் வரல."