ஒரே நம்பரில் ஏழு வீடு

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அந்த ஒரு வாக்கியத்தால் என் பிழைப்பும் பேரும் போகப் பார்த்தன.

இரண்டாயிரம் பிறந்த புதிது. மதுரையில், குடிநீர் ஃபில்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு சின்ன ஆபீஸில் வேலை செய்தேன். ஃபில்டரை யார் விற்றாலும் சரி, கோளாறு என்றால் எங்களுக்குத்தான் போன் வரும். போனை எடுப்பவள் நான். யார் வீடு, எந்தத் தெரு, என்ன கோளாறு, மெக்கானிக் கடைசியாக எப்போது போனார் என்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் நான்தான். அதற்கென்று ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. ஆடி அசைந்துதான் திறக்கும், ஆனால் சொன்னதைச் செய்யும்.

முதலாளிக்குப் பிறவியிலேயே சந்தேகம். டீயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள். வில்லாபுரம் பக்கமிருந்து எங்கள் ஆட்கள் யாராவது கூப்பிட்டால் நானும் அதே மொழியில் பதில் சொல்வேன். அப்போதெல்லாம் முதலாளி படிக்கிற பேப்பரைக் கொஞ்சம் இறக்கி, அதற்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

அந்த நேரத்தில்தான் பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து சாஃப்ட்வேரைப் புதிதாக்கினார். திரை பளபளவென்று மாறியது. மறுநாளே கூத்து ஆரம்பித்தது. ஒரு வீட்டில் ஃபில்டர் ஒழுகுகிறது என்று போன் வந்தது. நம்பரைத் தட்டினால் வேறொருவர் பேர் வந்தது. திரை காட்டிய வீட்டுக்கே மெக்கானிக் அண்ணனை அனுப்பினேன். அந்த வீட்டில் "நாங்க எங்க கூப்ட்டோம்?" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். போன மாதம்தான் ஃபில்டருக்குள் இருக்கும் கேண்டிலை மாற்றிய வீட்டுக்கு மறுபடி மாற்றச் சொல்லித் தகவல் போனது. ஒழுகிய வீட்டில் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, தூங்கிக்கிட்டே டைப் அடிச்சியா?" என்றார் மெக்கானிக் அண்ணன். பெட்ரோலைப் போட்டு அலைந்தவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்.

முதலாளி இன்ஜினியரைத் திரும்ப வரவழைத்தார். அவர் என் நாற்காலியில் உட்கார்ந்து, என்னை நிற்க வைத்துவிட்டு, காலை முழுக்க எதையோ தட்டினார். கடைசியில் முதலாளி பக்கம் திரும்பினார்.

"சிஸ்டம் கரெக்டா இருக்கு சார். பழைய டேட்டாதான் சரியில்ல. ஒரே ஆளைப் பல பேர்ல ஏத்தியிருக்காங்க. பாருங்க, ஒரே போன் நம்பர்ல ஏழு கஸ்டமர். புது வெர்ஷன் அதையெல்லாம் ஒரே ஆளாச் சேர்த்துடுச்சு."

"அப்ப மீதி ஆறு பேரு?"

"அப்படி யாரும் இல்லன்னுதான் அர்த்தம் சார்."

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் போய்வர மெக்கானிக்குக்குத் தனியாக பேட்டா உண்டு. இல்லாத வீடுகளை நான் எழுதுவது, போகாத வீட்டுக்கு அவர் பேட்டா வாங்குவது, இருவரும் பங்கு போட்டுக்கொள்வது. முதலாளி மனதில் ஓடியது எனக்கு அப்படியே கேட்டது. அப்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொய்யாக ஏற்றி மாட்டிக்கொண்டவள் என்று வெளியே அனுப்பினால், சாயங்காலத்துக்குள் எங்கள் ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

திரையில் இருந்த நம்பரைப் பார்த்தேன். பார்த்ததும் புரிந்தது.

"சார், இது பி.பி. நம்பர்."

சொந்தப் போன் இல்லாதவர்கள் அப்போது பக்கத்து வீட்டு நம்பரைத்தான் கொடுப்பார்கள். கூப்பிட்டால் அந்த வீட்டில் எடுத்து, ஆளைக் கூட்டிவந்து பேச வைப்பார்கள். அப்படிப்பட்ட நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று போடுவது வழக்கம். கல்யாணப் பத்திரிகையில்கூட அப்படித்தான் அச்சடித்திருக்கும். நானும் கம்ப்யூட்டரில் அப்படித்தான் ஏற்றியிருந்தேன். இப்போது நம்பர் இருந்தது, எழுத்தைக் காணோம்.

"பி.பி.ன்னா ரெண்டு பேரு இருப்பாக, மூணு பேரு இருப்பாக. ஏழு பேரா?" என்றார் முதலாளி. "அதுலயும் அம்புட்டும் உங்க ஆளுக பேராவே இருக்கு."

மெக்கானிக் அண்ணன் கஸ்டமர்களின் கையெழுத்து வாங்கிய சீட்டுகளைக் கொண்டுவந்து காட்டினார். "கையெழுத்த யாரு வேணாலும் போடலாம்" என்று முதலாளி அதைத் தொடக்கூட இல்லை. இன்ஜினியரோ மாற்றுவதற்கு முன் எடுத்துவைத்த பழைய பிரதியை பெங்களூரில்தான் திறக்க முடியும், இரண்டு நாள் ஆகும் என்றார். தன் தப்பை மறைக்கத்தான் இழுக்கிறார் என்று எனக்கு அவர்மேல் சந்தேகம்.

முதலாளி தானே அந்த நம்பரைச் சுழற்றினார். ஏழு பேரில் ஒரு பெண்ணின் பேரைச் சொல்லி, இருக்கிறாரா என்று அதட்டலாகக் கேட்டார். மறுமுனையில் பேசியது எங்களுக்கும் கேட்டது.

"அப்படி யாரும் இங்க இல்ல. ராங் நம்பரு." டொக்கென்று வைத்துவிட்டார்கள்.

மெக்கானிக் அண்ணனைப் பார்த்தேன். இவர் நிஜமாகவே அந்த வீடுகளுக்குப் போனாரா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. அவர் என்னைப் பார்த்த பார்வையிலும் அதே கேள்வி இருந்தது.

நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, அதே நம்பரைப் போட்டேன். எடுத்தது ஒரு அக்கா. எங்கள் மொழியில் நான் யாரென்று சொல்லி அதே பெண்ணைக் கேட்டதும், அவருக்கு ஒரே சிரிப்பு. அவள் மாவு அரைக்கிறாள், கூப்பிடவா என்றார். நான் ரிசீவரை முதலாளியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"இப்ப என்னத்தச் சொல்லிக் குடுத்த அவகளுக்கு?" என்றார்.

அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "வண்டிய எடுங்க சார், நேர்லயே போவோம்" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்றுதான் இருந்தது.

போவதிலும் அவருக்கு ஆயிரம் யோசனை. மெக்கானிக்கை ஆபீஸில் விட்டால் போன் செய்துவிடுவாராம், அதனால் அவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டார். நானும் இன்ஜினியரும் ஏறிய ஆட்டோ அவர் கண்ணில் படும்படி முன்னால் போக வேண்டும். தெற்குவாசல் நெரிசலில் ஆட்டோ கொஞ்சம் முந்திப் போனதற்கு, பின்னாலிருந்து ஹாரனை அடித்துத் தள்ளிவிட்டார்.

வில்லாபுரத்தில் போன் இருந்த வீட்டு வாசலிலேயே அந்த அக்கா நின்றிருந்தார். ஏன் இல்லையென்று சொன்னீர்கள் என்று முதலாளி கேட்டார்.

"பேரு ஊரு சொல்லாம ஒரு ஆம்பளக் குரலு பொம்பளப் பிள்ளையப் பேரு சொல்லிக் கேட்டா, இந்தா இருக்குன்னு கூட்டியாந்து விடுவாகளா? நீங்க விடுவீகளா?"

அக்கா சந்துக்குள் குரல் கொடுத்தார். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். மாவுக் கையோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி. முதலாளி ஏழு வீட்டு அடுப்படியிலும் நுழைந்து, ஏழு ஃபில்டரையும் திருகித் தண்ணீர் வருகிறதா என்று பார்த்தார். ஒழுகிக்கொண்டிருந்த ஃபில்டரும் அதில் இருந்தது. அதன் கீழே ஒரு குண்டான் வைத்திருந்தார்கள்.

இன்ஜினியர் முகம் சுண்டிப் போய்விட்டது. போன் நம்பருக்கான கட்டத்தில் எண்ணைத் தவிர எதுவும் இருக்கக் கூடாது என்று புது வெர்ஷனில் வைத்திருந்தார்களாம். எழுத்தை அது தானாகவே அழித்துவிட்டது, பி.பி. போனதும் பலர் பொதுவாகக் கொடுத்த நம்பர் என்று அதற்குத் தெரியாமல் ஏழு பேரும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள் என்றார். அன்றே பெங்களூருக்குப் பேசி, இரண்டு நாளில் பழைய பிரதியை வரவழைத்து, எல்லாரையும் அவரவர் வீட்டில் திரும்பக் குடியேற்றினார். என்னிடம் மன்னிப்பும் கேட்டார்.

முதலாளி கேட்கவில்லை. ஆபீஸுக்கு வந்ததும் டீ சொன்னார், எனக்கும் சேர்த்து. பிறகு பேப்பரை மடித்து வைத்தார்.

"சரிம்மா, உன் மேல தப்பில்ல. ஆனா ஒண்ணு. இனிமே ஆபீஸ் போன்ல தமிழ்லயே பேசு. எனக்கும் புரியணும்ல."

தப்பில்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் சொன்னது இது. சரி சார் என்றேன். வேலை வேண்டியிருந்தது. அந்த 'சரி' இன்றைக்கும் உறுத்துகிறது.

மறுநாள் காலையில் அந்த அக்காவிடமிருந்தே போன். எங்கள் மொழியில், நேற்று வந்துபோன பிறகு உனக்கு ஒன்றும் பிரச்சினை இல்லையே என்று கேட்டார். "ஒண்ணும் இல்லக்கா, நல்லா இருக்கேன்" என்று நான் தமிழில் சொன்னேன். அவர் மறுபடி எங்கள் மொழியில் ஏதோ கேட்க, நான் மறுபடி தமிழில் சொன்னேன்.

அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார், "பக்கத்துல யாரும் இருக்காகளா?"

முதலாளி பேப்பரை இறக்கியிருந்தார்.

"ஆமாக்கா" என்றேன், தமிழில்.