திவஸ்பர் சாவ்லி

"புனே குளுகுளுன்னு இருக்கும்" என்று வேலூரில் எல்லாரும் சொல்லித்தான் என்னை ரயில் ஏற்றினார்கள். நான் இறங்கியது ஒரு சித்திரை மாதம், தொண்ணூறுகளின் நடுவில். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்த காற்றில் வடாம் காயப் போடலாம். சொன்னவர்கள் எல்லாரும் மார்கழியில் வந்து போனவர்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலை, புனேயில் கேம்ப் என்கிற கடைத்தெருப் பேட்டையில், ஃபேனுக்கும் மோட்டாருக்கும் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற கடையில். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கை பழகிய தொழில் அதுதான். தங்கியது கூட வேலை பார்க்கும் ஒருவனோடு, தாபோடியில் ஒரு தகரக் கூரை அறையில். அவன் திருநெல்வேலிப் பக்கம். பன்னிரண்டு வருஷமாகப் புனேயில் இருந்ததால் தமிழ் பாதி, ஹிந்தி பாதி, நடுநடுவே மராத்தி என்று பேசுவான்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். நான் கிளம்பும் முன்பே வேலூர் வெயிலில் குழாயடியில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். "வெயில் படாம, காத்தோட்டமான இடத்துல வச்சுக்கோ" என்று டாக்டரம்மா என்னிடம்தான் சொன்னார். அதை மூன்று வேளையும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் மூன்று வாரத்தில் அவள் வருகிறாள். அதற்குள் ஒரு நிழலான வீடு பிடித்தாக வேண்டும்.

கவலைப்படுவது எனக்குக் கூடப்பிறந்த வியாதி. வாசல் மேற்கே பார்த்திருந்தால் சாயங்கால வெயில் உள்ளே வருமே. மாடிக்குத் தண்ணீர் ஏறாவிட்டால் என்ன செய்வது? ஆஸ்பத்திரி தூரமாக இருந்து, ஆட்டோக்காரன் பேசுவது புரியாமல் வேறு எங்காவது இறக்கிவிட்டால்? இப்படி யோசித்து யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். கடைக்கு வரும் ஒவ்வொரு ஃபேனிலும் எந்தப் பேட்டை என்று ஒரு சீட்டு கட்டியிருக்கும். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் ஃபேனுக்கு ஓய்வே கிடையாது. ஓடி ஓடிக் காயில் கருகிப்போகும். கருகின ஃபேன் எங்கிருந்து அதிகம் வருகிறதோ அங்கே குடிபோகக் கூடாது, அவ்வளவுதான். தாபோடிச் சீட்டுகள் குவிந்தன. கோர்படிச் சீட்டு வாரத்துக்கு ஒன்று வந்தால் பெரிது.

"ஏலேய், எல்லாரும் புரோக்கர்கிட்ட வீடு கேப்பான். இவன் ஃபேன்கிட்ட கேக்கான். பாகல்!" என்று எனக்குப் பைத்தியக்காரப் பட்டம் கட்டினான் அந்த அறைக் கூட்டாளி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோர்படிக்குப் போனேன். ரயில்வே காலனியைத் தாண்டி ஒரு சந்து. ஓட்டு வீடு, பின்பக்கம் தனியாக இரண்டு அறை காலி. கூரை மேல் கவிந்தாற்போல ஒரு பெரிய புளியமரம். உள்ளே கால் வைத்ததும் உள்ளங்கால் குளிர்ந்தது. வீட்டுக்காரப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். அந்தச் சந்தில் எல்லாரும் அவரைத் 'தாய்' என்றுதான் கூப்பிட்டார்கள். மராத்தியில் அது அக்கா. அந்த மாதிரி இரண்டு மூன்று வார்த்தைதான் எனக்குத் தெரியும்.

தாய் எனக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். வீட்டைச் சுற்றிக் கையைக் காட்டினார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து சொன்னார்: "திவஸ்பர் சாவ்லி!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திவசம்? சாவு?

சரியாகக் காதில் விழவில்லையோ என்று பார்த்தால், அவர் இன்னும் சந்தோஷமாகக் கையை அகல விரித்து, "கூப் சாவ்லி! திவஸ்பர்!" என்றார். 'கூப்' என்றால் நிறைய என்று கூட்டாளி சொல்லியிருந்தான். நிறையச் சாவாம். ஒரு சாவு நடந்த வீடு என்றாலே என்னால் முடியாது, இது நிறைய. அதைச் சிரித்துக்கொண்டு வேறு சொல்கிறார். அப்போதுதான் தலைக்கு மேலே இருப்பது புளியமரம் என்பதும் உறைத்தது.

தெரிந்த ஹிந்தியைத் திரட்டி, "கோன் மரா?" என்று கேட்டேன். யார் செத்தது என்று.

தாயின் சிரிப்பு நின்றுபோனது. "கோணீ நாஹி!" என்றார். யாரும் இல்லையாம். முகம் வெளுத்துவிட்டது. மறைக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. செம்பை அப்படியே கீழே வைத்துவிட்டு, ஸ்டேஷன் வரைக்கும் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

"வீடு என்னாச்சு?" என்றான் கூட்டாளி.

"ரயில் சத்தம் ஜாஸ்தி" என்றேன். வயிற்றுப் பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சை வாயால் சொல்லவே பயம். அன்றைக்கு அவனிடம் வாயைத் திறந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நாள் நெருங்கிவிட்டது. என்னுடைய சீட்டுக் கணக்கை நானே மூட்டை கட்டி வைத்துவிட்டு, தாபோடியிலேயே மூன்றாவது மாடியில் ஒரு வீடு பிடித்தேன். மேலே நேராக மொட்டைமாடி. பத்து மணிக்கே சுவர் கொதிக்கும். மனைவி வந்தாள். ஈரத் துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. நானே காயில் கட்டி மாட்டிய ஃபேன் எட்டாம் நாள் கருகியது. 'தாபோடி' என்று நானே சீட்டெழுதிக் கட்டிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கூட்டாளி அதை வாங்கினான். சீட்டைப் படித்தான், என்னைப் பார்த்தான், மறுபடி சீட்டைப் படித்தான்.

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனபோது, மனைவி மாடிப்படிக்குக் கீழே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் மோர் டம்ளர். பக்கத்தில் ஓடினேன்.

"ஒண்ணும் இல்லய்யா. தண்ணி எடுத்துகினு வரசொல்ல கண்ண இருட்டிச்சு. கீழ் வீட்டம்மாதான் புடிச்சு உக்கார வச்சுது" என்றாள். "ரொம்ப நல்ல அம்மா. 'சாவ்லீத் பஸ், சாவ்லீத் பஸ்'னு ஒரே ரகளை. பஸ் எதுக்கும்மா எனக்குன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, பஸ்ஸுன்னா உக்காருன்னு அர்த்தமாம்."

"சாவ்லீன்னா?"

"நெழலு. இங்க நெழலுக்கு சாவ்லின்னு பேரு. இது தெரியாதா உனுக்கு? எனக்கு முந்தியே வந்த ஆளு?"

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா ஆச்சு? உனுக்கும் மயக்கமா?"

"திவஸ்பர்னா என்னன்னு அந்தம்மாகிட்ட கேளு" என்றேன்.

கேட்டாள். கீழ் வீட்டம்மா சூரியன் கிளம்புவதிலிருந்து மறைவது வரைக்கும் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். நாள் முழுக்க. நாள் முழுக்க நிழல்!

வேறு வழியில்லாமல் கோர்படிக் கதையைச் சொன்னேன். முதலில் மனைவி சிரிக்கவில்லை. "நெழலா கீதுன்னு சொன்ன வூட்ட வுட்டுட்டு என்ன இந்த அடுப்புல கொண்டாந்து வச்சியா?" என்றாள். "யாரு செத்தாங்கன்னா கேட்ட? அந்தம்மா மூஞ்சிக்கு நேராவா?" என்று கேட்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "கெளம்பு. வூடு இருக்குதான்னு பாத்துட்டு வந்துடலாம்."

போய்ச் சேரும் வரைக்கும் ஆட்டோவில் எனக்கு ஒரே ஜெபம், யாரும் குடி வந்திருக்கக் கூடாதே என்று. சந்துக்குள் நுழைந்ததும் பின்பக்கக் கதவைத்தான் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. ஆனால் தாய் என்னைப் பார்த்ததும் வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்றார். "தூ!" என்றார். மராத்தியில் நீ என்று அர்த்தம். எனக்கு அது துப்பியது போலத்தான் கேட்டது.

பிறகு எங்களுக்குப் புரியட்டும் என்று ஹிந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் புருஷன் பட்டாளத்தில். எங்கேயோ வடக்கே எல்லையில். முன்பின் தெரியாத ஒருவன் வந்து நின்று யார் செத்தது என்று கேட்டுவிட்டு ஓடியதும், அவருக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனிடமிருந்து கடிதம் வரும் வரை தினமும் கோயிலும் தபால்காரனுமாகவே இருந்திருக்கிறார். இனிமேல் புருஷன் லீவில் வந்து ஆளைப் பார்த்துச் சொன்னால்தான் வீடு என்று, வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

உலகத்தில் நான் ஒருவன்தான் கவலைப்பட்டுக்கொண்டு திரிகிறேன் என்று நினைத்திருந்தேன்.

மனைவிதான் முன்னால் போனாள். அவளுக்கு ஹிந்தி என்னைவிடக் கம்மி. "தாய், சாவ்லி" என்று மரத்தைக் காட்டினாள். "தமிழ் மே, சாவு..." என்று கண்ணை மூடி, நாக்கை வெளியே தள்ளித் தலையைச் சாய்த்தாள். "திவஸ், தமிழ் மே..." என்று காக்காவைக் கூப்பிட்டுச் சோறு வைப்பது போலச் செய்து காட்டினாள். பிறகு என்னைக் காட்டித் தலையில் அடித்துக்கொண்டாள்.

தாய்க்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சிரித்தார். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு என் மனைவியை இன்னொரு தடவை நாக்கைத் தள்ளச் சொன்னார். பிறகு அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு கையில் சாவி. "இந்தத் தடவையாவது குடி" என்பது போலச் செம்பை என்னிடம் நீட்டினார்.

சாவி என்ற வார்த்தையிலும் சாவு இருக்கிறதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஒன்பது வருஷம் அந்த வீட்டில் இருந்தோம். அங்கே ஃபேன் ஒரு தடவைகூடக் கருகவில்லை. கூட்டாளி அந்தக் கதையைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி, எனக்குச் 'சாவ்லி' என்று பேரே வைத்துவிட்டான். தாயின் புருஷனும் லீவில் வந்த முதல் நாளே, "கோன் மரா?" என்று சொல்லித்தான் எனக்குக் கை கொடுத்தார்.

என் மகள் அந்தப் புளியமரத்தடியில்தான் நடை பழகினாள். அவள் பேசுகிற தமிழில் பாதி மராத்தி. ஞாயிற்றுக்கிழமை நான் வெயிலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தால், மரத்தடியிலிருந்து கத்துவாள்: "அப்பா, சாவ்லிக்கு வா!"

துடைக்கிற கை ஒரு நொடி நின்றுவிடும். அப்புறம் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன்.