நடுவில் தப்பு கிடையாது

அந்த மருத்துவமனையில் அவருக்கென்று ஒரு பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. வேறெங்கும் அது வழங்கவில்லை. துபாஷி என்று கேட்டால்தான் வாசல் காவலருக்கே தெரியும்.

இரண்டு பாஷைக்கு நடுவே நிற்பவர் என்ற அந்தப் பெயருக்குக் காரணம் உண்டு. பரிசோதனைக் கூடத்தின் மென்பொருள் ஒரு பாஷை பேசும், வார்டுகளின் மென்பொருள் வேறொரு பாஷை பேசும். இரண்டையும் நேருக்கு நேர் பேசவிட்டால் ஒன்றும் தேறாது. அதனால் நடுவில் மூன்றாவது மென்பொருள் ஒன்று உட்கார்ந்துகொண்டு, கூடத்திலிருந்து வரும் செய்தியைப் பிரித்து, வார்டுக்குப் புரியும்படி மாற்றி அனுப்பும். அதற்கு விதிகள் எழுதுவதும், செய்தி எங்காவது தொண்டையில் சிக்கிக்கொண்டால் எடுத்துவிடுவதும் துபாஷியின் உத்தியோகம். அவருடைய அறை அடித்தளத்தில், சலவைக் கூடத்தை ஒட்டி இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரையோரம் வெந்நீர்க் குழாய் ஓடியதால் மழைக்காலத்திலும் அவர் சட்டை முதுகில் ஒட்டியே இருக்கும்.

வேலையில் கெட்டிக்காரர். வாய்தான் ஆகாது. கூடத்திலிருந்து யாராவது போன் செய்து, "சார், ரிசல்ட் வார்டுக்குப் போகலையாம்" என்றால் போதும்.

"பிறந்த தேதி போடற இடத்துல ஊர்ப் பேரைப் போட்டு அனுப்பியிருக்கீங்க. அந்த மனுஷன் தேதியில பொறந்தாரா, ஊர்ல பொறந்தாரா? முதல்ல அதை விசாரிச்சிட்டு வாங்க."

வார்டிலிருந்து கேட்டால் அவர்களுக்கும் ஒரு குத்து உண்டு. எல்லாம் சொல்லிவிட்டு, முத்திரை குத்துவதுபோல ஒரு வாக்கியத்தில் முடிப்பார்: "நடுவுல தப்பு கிடையாது. தப்பு எப்பவும் ரெண்டு முனையிலதான்."

பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது. அதுதான் அவரைக் கெடுத்தது.

கூடத்து மென்பொருளுக்குப் பொறுமை கிடையாது. பதில் கொஞ்சம் தாமதித்தால் அதே செய்தியை மறுபடி அனுப்பும். வார்டுத் திரையில் ஒரே முடிவு மூன்று வரிசையாக வந்து நிற்கும். ஒருநாள் மூன்றாம் மாடித் தலைமை நர்ஸ் படியிறங்கி நேரிலேயே வந்துவிட்டார். அந்த அம்மாளின் வாய்க்குப் பயந்து டாக்டர்களே வேறு படிக்கட்டில் ஏறுவார்கள்.

"ஏன் துபாஷியாரே, ஒரு பொட்டாசியத்தை எத்தனை தரம் சொல்லுவீங்க? நாங்க என்ன செவிடா? இல்ல உங்க மெஷினுக்கு மறதி நோயா? அப்படின்னா சொல்லுங்க, மாடியில ஒரு கட்டில் போட்டுத் தர்றேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். துபாஷிக்குக் காது மடல் சுட்டது. அம்மாள் படியேறி முடிப்பதற்குள் அவர் புதிய விதியை எழுதத் தொடங்கிவிட்டார். ஒரே ரத்த மாதிரியின் எண், ஒரே பரிசோதனை. ஒருமுறை போயாகிவிட்டதென்றால், அடுத்து வருவதைச் சத்தமில்லாமல் தூக்கி எறி. எறிந்தாலும், 'கிடைத்தது' என்று கூடத்துக்குப் பதில் சொல்லிவிடு. இல்லாவிட்டால் அது திரும்பத் திரும்ப அனுப்பித் தொலைக்கும். கையிலிருந்த பழைய செய்திகளை ஓட்டிப் பார்த்தார். கச்சிதமாக வேலை செய்தது.

அந்தப் பழைய செய்திகளில் திருத்தம் ஒன்றுகூட இல்லை. முதலில் அனுப்பிய முடிவு தவறு என்று கூடம் திருத்தி அனுப்பினால், அதுவும் அதே எண்ணோடு, அதே பரிசோதனையின் பெயரோடுதான் வரும். இது திருத்தம் என்று சொல்ல ஓர் ஓரத்தில் ஒற்றை எழுத்து மட்டும் மாறியிருக்கும். துபாஷியின் விதி அந்த ஓரத்தைப் பார்க்கவே இல்லை. இதையே இன்னொருவன் எழுதியிருந்தால் அவனை ஒரு வாரம் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்.

அவருடைய தங்கை அதே பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். கைநீட்டும் புருஷனை விட்டு ஒரு பெட்டியோடு வந்தவளுக்குச் சமையலறையை ஒட்டிய சின்ன அறையைக் கொடுத்ததும், மேலாளரிடம் சொல்லி வேலை வாங்கித் தந்ததும் அவர்தான். முதல்நாள் வாசலில் வைத்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "என் பேரைக் கெடுத்துடாதே."

ஒரு காலை, இயந்திரத்தில் வைத்த இரண்டு ரத்த மாதிரிக் குழாய்கள் அவள் கையில் இடம் மாறிவிட்டன. மூன்றாம் மாடியில் சிறுநீரகக் கோளாறோடு படுத்திருந்த தையல்காரருக்குப் பொட்டாசியம் சரியாக இருப்பதாக முடிவு போனது. சில நிமிஷங்களில் அவளே கண்டுபிடித்து, மறுபடி ஓட்டினாள். உண்மையான அளவு ஆளையே கொல்லக்கூடியது. உடனே திருத்தி அனுப்பினாள். அவள் திரையில் 'கிடைத்தது' என்ற பச்சைக் குறி விழுந்தது. மனசு கேட்காமல் மாடிக்குப் போனும் செய்தாள்.

"கம்ப்யூட்டர்ல போட்டாச்சுல்ல? பாத்துக்கறோம், வைங்க" என்றது ஒரு குரல்.

தையல்காரர் அப்போது, கட்டில் பக்கம் வந்த ஊழியரின் சட்டைக் கையைப் பிடித்து, "இதைத் தைச்சவன் கையை உடைக்கணும்" என்று சிரித்துக்கொண்டிருந்தாராம். மதியச் சாப்பாட்டுத் தட்டு வருவதற்குள் அவர் இதயம் நின்றுவிட்டது.

விசாரணைக்கு முன்னால், செய்தி என்ன ஆயிற்று என்று பார்க்கும்படி மேலாளர் துபாஷியிடம் சொன்னார். தேட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. தங்கை அனுப்பிய திருத்தம் வந்திருந்தது. ஓரத்தில் அந்த எழுத்தும் இருந்தது. அதன் எதிரே, அவருடைய விதி போட்ட குறிப்பு: 'தவிர்க்கப்பட்டது.'

அவர் திரையை அணைத்தார். வந்த செய்திகளைச் சில வாரம் வைத்திருந்து மென்பொருளே அழித்துவிடும். அவர் விரலை அசைக்கவும் வேண்டியதில்லை.

விசாரணை அறையில் மேலாளர் கேட்டார். "வார்டுக்குத் திருத்தம் போச்சா?"

"போகலை சார்."

"நடுவுல எங்கயாவது சிக்கிச்சா?"

"எதுவும் சிக்கலை. நடுவுல தப்பு கிடையாது."

போன் எதுவும் வரவில்லை என்று வார்டில் ஏற்கெனவே கைவிரித்திருந்தார்கள். தங்கை எழுந்துவிட்டாள். "பச்சை வந்துச்சு சார். என் கண்ணால பாத்தேன். அண்ணே, நீயே சொல்லுண்ணே, பச்சைன்னா போயிடுச்சுன்னுதானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். துபாஷி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது முதல்ல அனுப்பின ரிசல்ட்டுக்கு வந்த பச்சையா இருக்கும். பதட்டத்துல மாத்திப் பாத்திருப்பா."

தலைமை நர்ஸ் நாற்காலியை இழுத்துச் சாய்ந்தார். "கூடப் பொறந்த அண்ணனே சொல்லியாச்சு. இதுக்கு மேல யாரைக் கேக்கணும்?"

அன்றே தங்கைக்கு வேலை போயிற்று. வாசலில் காத்திருந்த தையல்காரரின் மகன் அவள் முகத்தில் துப்பினான். அவள் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். வீட்டில் அண்ணி அவள் தட்டில் சோற்றைப் போட்டபடியே, "இவருக்கு எவ்வளவு தலைகுனிவு, நெனச்சுப் பாத்தியா?" என்றாள். துபாஷி மறுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, யாரும் கேட்காமலேயே, அந்த ஓரத்து எழுத்தையும் பார்க்கும்படி விதியைத் திருத்தி வைத்தார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு விடுமுறைநாள் மதியம், தங்கை விட்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திருப்பித் தரப் பரிசோதனைக் கூடத்துத் தோழி வீட்டுக்கு வந்தாள். துபாஷி முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஒரு கூத்து தெரியுமாடி? இப்பல்லாம் நாங்க திருத்தம் அனுப்பினா வார்டுல சிவப்புல வருதாம். அந்த மூணாம் மாடி அம்மா என்ன சொல்லுது தெரியுமா? ரொம்ப நாளா இப்படி ஒண்ணு வந்ததே இல்லியாம்!"

தங்கை தோழியை வழியனுப்பினாள். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு வந்து அண்ணனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் அனுப்பினது வந்துச்சா?"

"முடிஞ்சு போனதை எதுக்குக் கிளறிக்கிட்டு? போ, போய் உன் வேலையைப் பாரு."

"எனக்கு ஏதுண்ணே வேலை?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவள் பார்வை நகரவில்லை. கடைசியில் எரிச்சல் தாங்காமல் சொன்னார்: "இப்ப யார்கிட்ட போய் என்ன காட்டப் போற? அதெல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு."

சொன்ன பிறகுதான் கை நின்றது.

"அழிஞ்சு போச்சுன்னா, இருந்துச்சு" என்றாள் தங்கை. குரல் உயரவே இல்லை. "பயப்படாதே. நான் யார்கிட்டயும் போக மாட்டேன். போனாலும் உன்னைத்தான் நம்புவாங்க. இந்த வீட்டை விட்டும் போக மாட்டேன். இங்கயேதான் இருப்பேன், உன் எதிர்ல."

சொன்னபடியே இருந்தாள். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும்போது கதவருகே வந்து நிற்பாள். "இன்னிக்கு எல்லாம் போய்ச் சேந்துச்சாண்ணே?"

"சேந்துச்சு."

"பச்சை வந்துச்சா?"

"வந்துச்சு."

அதற்குப் பிறகுதான் தட்டு வைப்பாள். அண்ணனும் தங்கையும் விளையாடுகிறார்கள் என்று நினைத்து மனைவி ஆரம்பத்தில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை விட்டுவிட்டாள். ஆபீஸில் யாராவது போன் செய்தால் துபாஷி இப்போது குத்திப் பேசுவதில்லை. "பாக்கறேன்" என்று மட்டும் சொல்வார். வயசாகிவிட்டது, மனுஷன் பழுத்துவிட்டார் என்று சலவைக் கூடத்தில் பேசிக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற நாளில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். மறுநாள் அவர் வீட்டிலேயே இருந்தார். எங்கேயும் போகவில்லை, செருப்பையும் தொடவில்லை. கேள்வி இனி இல்லை என்று நினைத்திருந்தார்.

பொழுது சாய்ந்ததும் தங்கை கையைத் துடைத்துக்கொண்டே வந்து, அவருடைய நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"எல்லாம் போய்ச் சேந்துச்சாண்ணே?"

துபாஷி கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறை வாசலில் நின்ற மனைவியைப் பார்த்தார்.

"சேந்துச்சு" என்றார்.

"பச்சை வந்துச்சா?"

"வந்துச்சு."

"அப்போ சாப்பிட வா" என்றாள் தங்கை.