எட்டு என்று எழுதிய அட்டை

அந்த அட்டைகளைக் கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து வெட்டினோம். தாராவியில் எங்கள் சந்துக்கு வருடம் முழுக்க யாராவது பத்திரிகை வைக்க வருவார்கள். கெட்டித் தாள், ஒரு பக்கம் தங்க எழுத்து, மறுபக்கம் வெறுமை. ஒரு பத்திரிகைக்கு நான்கு அட்டைகள் தேறும். வெறுமையான பக்கத்தில் ஓர் ஆட்டக்காரனின் பெயர், அதன் கீழே மூன்று எண்கள். என் அண்ணனின் அட்டையைத் திருப்பினால் யாரோ ஒரு மணமகளின் பாதிப் பெயர் இருந்தது. முன்பக்கத்தில் அவனுடைய மூன்றாவது எண் எட்டு. அதை எழுதியது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்குப் பதினாறு.

இப்போது செம்பூரில் நான்காம் மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பக்கத்து அறையில் என் மகள் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்பது நாட்கள் ஆகின்றன. சாப்பிட வருகிறாள், கல்லூரிக்குப் போகிறாள், என்னோடு மட்டும் இன்று காலைவரை பேசவில்லை. இரவெல்லாம் சரியாகத் தூங்காததால் எழுத்து கோணலாகப் போகிறது. ஆனாலும் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றுகிறது.

எண்பதுகளின் நடுவில், எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட ஒரு கூடைப்பந்து மைதானம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பையன்கள் வெள்ளைச் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டுவிட்டு இறங்குவார்கள். பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள். ஜூன் பிறந்தால் ஆட்டம் நின்றுபோகும். சாக்கடை நிரம்பி, கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறி, நான்கு மாதம் அந்தத் தரை கண்ணுக்கே தெரியாது. அந்த நான்கு மாதத்தைத் தாங்க முடியாமல் அண்ணன் கண்டுபிடித்ததுதான் அட்டை லீக். பள்ளியில் பாடப் புத்தகத்தைத் திறந்து பக்க எண்ணை ரன்னாக வைத்துக் கிரிக்கெட் ஆடுவார்கள் அல்லவா, அதே மாதிரி இது தாயக்கட்டையை வைத்து ஆடும் கூடைப்பந்து. தாராவி, மாட்டுங்கா, குர்லா, செம்பூர் என்று நான்கு அணிகள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் மைதானத்தில் நிஜமாக ஆடும் பையன்களே. ஆனால் அட்டையில் ஆடும்போது அவனவன் எந்த அணியில் விழுவான் என்று யாருக்கும் தெரியாது.

மூன்று எண்களில் முதலாவது குறி, இரண்டாவது பிடி, மூன்றாவது தம். இரண்டு தாயக்கட்டையை உருட்டி, விழுந்த எண் குறிக்குள் அடங்கினால் பந்து கூடையில் விழுந்தது என்று கணக்கு. பிடி, எதிராளியிடமிருந்து பந்தைப் பறிக்க. தம் என்பது மூச்சு. ஓர் ஆட்டத்துக்கு எட்டுச் சுற்று. தம் மூன்று என்றால் மூன்று சுற்று முடிந்ததும் அந்த அட்டையைக் கவிழ்த்து உட்காரவைக்க வேண்டும். எட்டு என்றால் கடைசிவரை நிற்பான்.

இந்த எண்களை எழுதும் வேலை எனக்கு வந்ததற்குக் காரணம், நான் பெண் என்பதால் மைதானத்துக்குள் இறங்க முடியாது, வீட்டுக்கும் போக மாட்டேன். சுவரில் உட்கார்ந்து பள்ளி நோட்டில் குறித்துக்கொண்டே இருப்பேன். எத்தனை எறிந்தான், எத்தனை விழுந்தது. தம்முக்கு நானே ஒரு வழி வைத்திருந்தேன். மூச்சு வாங்கும் பையன் குனிந்து இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொள்வான். ஓர் ஆட்டத்தில் யார் எத்தனை முறை முட்டியைப் பிடித்தார்கள் என்று எண்ணுவேன். யாருக்கும் தெரியாமல் செய்துவந்ததை ஒருநாள் அண்ணாச்சி கண்டுபிடித்துச் சிரித்தார். அண்ணாச்சிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். குர்லாவில் இரும்புக் கடையில் வேலை. நிஜ அணிக்கு அவர்தான் கேப்டன், அட்டை லீகின் நான்கு கேப்டன்களிலும் ஒருவர். முந்தைய வருடம் அவருக்கே நான் தம் நான்கு போட்டிருந்தேன். அன்று முதல் என் எண்ணை யாரும் கேள்வி கேட்டதில்லை.

தண்ணீர் கணுக்காலைத் தொட்ட முதல் ஞாயிற்றுக்கிழமை புது லிஸ்ட் எடுப்பார்கள். பழைய அணிகள் நான்கும் அன்றோடு கலைந்துபோகும். எல்லா அட்டைகளையும் புதிதாக எழுதி, பாரிஷ் ஹால் வராந்தாவில் பரப்பி, நான்கு கேப்டன்களும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்க வேண்டும். போன வருடம் கடைசியாக வந்தவருக்கு முதல் தேர்வு. அதற்கு முன்னால், ஒவ்வொரு அட்டையின் மூன்று எண்களையும் நான் எல்லோருக்கும் கேட்கும்படி வாசிக்க வேண்டும். இதுதான் வழக்கம்.

அந்த வருடம் லிஸ்டுக்கு முந்தைய நாள் சாயங்காலம் நான் அட்டைகளை எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே நல்ல மழை. அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்குத் தம் எவ்வளவு போட்டிருக்க?"

"மூணு."

"போன வருசம் ஏழுல்லா?"

"போன வருசம் நீ முட்டியப் பிடிக்கல."

அவன் சிரித்தான். பிறகு என் கையில் இருந்த பேனாவை வாங்கி மூடியைப் போட்டான், கழற்றினான். "மூணுன்னு நீ வாசிச்சா அண்ணாச்சி நேரா அப்பாட்டப் போய் நிப்பாரு. பையனுக்கு மேலுக்குச் சொகமில்லையான்னு கேப்பாரு. அப்புறம் அப்பா என்னைக் கோர்ட்டுப் பக்கமே விட மாட்டாரு."

"மேலுக்குச் சொகமில்லையா உனக்கு?"

"மூச்சு கொஞ்சம் இழுக்கு. அவ்வளவுதான். மழ முடியறதுக்குள்ள சரியாயிரும். எட்டுன்னு போடுட்டி."

"பொய்யா எழுத மாட்டேன்."

"பொய்யில்லட்டி. அக்டோபர்ல எட்டு ஆயிருவேன். நீ அட்வான்சா எழுதுத, அவ்வளவுதான்."

மூன்று என்று எழுதியிருந்த அட்டையை அவனே கிழித்தான். நான் இன்னொரு பத்திரிகையை எடுத்து வெட்டி, புது அட்டையில் எட்டு என்று எழுதினேன். எனக்கு அவன்மேல் பயம் எதுவும் இல்லை. அவன் என்னிடம் ஒன்று கேட்டது அதுவே முதல்முறை. அந்தப் பெருமை எனக்குப் பெரிதாக இருந்தது. வேறு காரணம் சொன்னால் அதுதான் பொய்.

மறுநாள் வராந்தாவில் நான் அவனுடைய எண்களை வாசித்தபோது மாட்டுங்கா அணிக் கேப்டன் தலையைத் தூக்கினான். "ஏல, எட்டா? போன மாசமெல்லாம் இவன் தண்ணிக் குழாய்கிட்டயேல்லா குடியிருந்தான்."

"ஒனக்கு எரியுதுன்னு சொல்லுல," என்றான் அண்ணன்.

அண்ணாச்சி கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினார். "பாப்பா எழுதுனா சரியாத்தான் இருக்கும். அந்தப் பேனாவுக்கு மொகம் தெரியாது. எனக்கே நாலு போட்டவ அவ." எல்லோரும் சிரித்தார்கள். முதல் தேர்வு அந்த வருடம் அவருடையது. குனிந்து என் அண்ணனின் அட்டையை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. வராந்தா ஓரத்தில் கொட்டிய மழையையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மட்டும் அப்படிப் பொலிந்திருந்தது.

அந்த நான்கு மாதம் அவன் அட்டை ஒரு சுற்றில்கூடக் கவிழவில்லை. அண்ணாச்சியின் அணி எல்லோரையும் ஜெயித்தது. தாராளமாக உருண்ட தாயக்கட்டையைப் பார்த்துப் பார்த்து எனக்கே அந்த எட்டு உண்மையாகிவிட்டது என்று நினைக்கிறேன். வீட்டில் அண்ணன் இரண்டு தலையணை வைத்துப் படுப்பதைப் பார்த்தும் நான் எதையும் அதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அக்டோபரில் தரை காய்ந்தது. சீத்தா கேம்ப் பையன்களோடு மாட்டுங்காவில் ஒரு நிஜ ஆட்டம் ஏற்பாடாகியது. மழைக்காலத்தில் யாரும் பந்தைத் தொடாததால், யாரை எவ்வளவு நேரம் ஆடவைப்பது என்று அண்ணாச்சிக்குத் தெரியவில்லை. அதனால் அவர் செய்தது, எங்கள் அட்டை லிஸ்டைப் பார்த்து நிஜ அணியை எழுதியதுதான். இன்று கேட்டால் விளையாட்டுத்தனமாக இருக்கும். ஆனால் இரண்டு வருடமாக அந்த எண்கள் தப்பியதில்லை. தம் குறைந்தவர்களுக்கு மட்டும் மாற்று ஆள் வைத்தார். எட்டு உள்ளவனுக்கு வைக்கவில்லை.

நான் சுவரில் உட்கார்ந்திருந்தேன். பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டேன். முதல் பாதி முடிவதற்குள் அண்ணன் ஆறு முறை முட்டியைப் பிடித்தான். உதடு வேறு நிறமாக இருந்தது. இடைவேளையில் நான் எழுந்து அண்ணாச்சியை நோக்கி நடந்தேன். பாதித் தூரத்தில் அண்ணன் பார்த்துவிட்டான். தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை, வெறுமனே பார்த்தான். நான் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டேன். இரண்டாம் பாதியில், பந்து கையில் இருக்கும்போதே கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தான். தடுக்கி விழுந்தான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

அண்ணாச்சிதான் தூக்கிக்கொண்டு டாக்சிக்கு ஓடினார். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இருதய வால்வைக் கெடுத்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எத்தனை மாதமாக மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர், நல்லா வெளையாடுத பையன்" என்றார் அப்பா. பக்கத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டு, "நாந்தான் மாத்தாம விட்டுட்டேன், நாந்தான் மாத்தாம விட்டுட்டேன்" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு கட்டிலில் படுத்திருந்த அண்ணனிடம் குனிந்து கேட்டார்: "எலேய், பாப்பா கணக்கு தப்பாதேல. எப்பிடில இது?"

"அவ சரியாத்தான் எழுதுனா அண்ணாச்சி. இது நடுவுல வந்தது."

நான் கால்மாட்டில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அண்ணாச்சி அதன்பிறகு மைதானத்துக்கு வரவில்லை. ஆஸ்பத்திரிக்கு மட்டும் தினமும் சாயங்காலம் வந்து, அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் பழத்தை வைத்துவிட்டுப் போவார். அடுத்த வருடம் வேலையை மாற்றிக்கொண்டு வேறெங்கோ போய்விட்டதாகச் சொன்னார்கள். ஒரு வாக்கியத்தில் என்னால் அவரை விடுவித்திருக்க முடியும். அதைச் செய்யாமல் இத்தனை வருடம் இருந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்தான். வேலைக்குப் போனான், கல்யாணம் செய்தான், நாற்பத்தாறு வயதுவரை இருந்தான். பந்தைத் தொடவில்லை. அந்த அட்டையைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. அவன் மன்னித்தானா, அல்லது மன்னிக்க எதுவும் இருப்பதாகவே நினைக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. ஜூன் மாதம் வந்தால் அவன் மட்டும் கொஞ்சம் அமைதியாகிவிடுவான்.

என் மகள் கல்லூரி அணியில் ஆடுகிறாள். இரண்டு வாரத்துக்கு முன்னால் மாடி ஏறி வந்தவள் சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் எழவில்லை. நெஞ்சு படபடவென்கிறது, கண் இருட்டுகிறது என்றாள். கூடவே சொன்னாள், "பப்பாகிட்ட சொல்லாத மா. ஃப்ரைடே இந்த வருஷத்துப் புது டீம் லிஸ்ட் போடறாங்க. அது வந்துடட்டும், அவ்ளோதான், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம்." நான் சரி என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை வந்தது. அப்போதும் பேசாமல் இருந்தேன். வியாழக்கிழமை சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன், கோச்சுக்கும் போன் செய்து சொன்னேன். வெள்ளிக்கிழமை லிஸ்டில் அவள் பெயர் இல்லை. பரிசோதனைக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றுமில்லை என்றுகூட வரலாம். இந்த வயதுப் பெண்களுக்கு ரத்தம் குறைந்தாலும் இப்படி இருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். அப்படி வந்துவிட்டால், என் பயத்தால் அவள் ஒரு வருடத்தை இழந்தாள் என்றுதான் ஆகும்.

இன்று காலை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிரில் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் விரலைத் தட்டின் ஓரத்தில் வழித்துவிட்டுக் கேட்டாள்.

"மாமா உன்ன திட்டவே இல்லையா?"

"இல்ல. ஒரு தடவகூட இல்ல."

"நான் திட்டுவேன்."

"திட்டு" என்றேன்.