சீசர் இருக்கும் வரைக்கும்

காளியம்மாள் அந்த மாட்டுக்கொட்டகைக்கு மருமகளாக வந்தாள். புருஷன் சாமிதுரை பண்ணையாள். ஒரு மூலையைக் கீற்றுத் தட்டியால் மறைத்து அடுப்புப் போட்டுக்கொண்டார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் மாடுகள். சாமிதுரையை வரப்பில் பாம்பு கடித்தது. மாடுகளை விற்றுவிட்டு டிராக்டர் வாங்கினார்கள். பிறகு கூலித் தகராறில் கதிர் வயலிலேயே உதிர்ந்து போன வருஷம், பண்ணைக்காரர் சந்தானகிருஷ்ணன் குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். காளியம்மாளுக்குப் போக இடமில்லை.

காரில் ஏறும்போது பண்ணைக்காரரின் மனைவி பாகீரதி அம்மாள் சொன்னாராம்: "சீசரைப் பட்டணத்துல வச்சுக்க முடியாது, காளி. அது இருக்கிற வரைக்கும் நீ இங்கேயே இருந்து பாத்துக்கோ."

அந்தச் சொல்லைக் காளியம்மாள் அப்படியே பிடித்துக்கொண்டாள். நாய் இருக்கும் வரை கொட்டகை. நாய் போனால் நடுத்தெரு.

பம்பாய், நாக்பூர், கல்கத்தா என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக நர்ஸ் வேலை பார்த்துவிட்டு நான் ஊருக்குத் திரும்பியபோது மார்கழி. சீசருக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்திருந்தது. காது சுத்தமாகக் கேட்காது. பனி பெய்த காலைகளில் பின்னங்கால்கள் விறைத்துக்கொள்ளும். காளியம்மாள் மணலை வறுத்துத் துணியில் முடிந்து இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பாள். பல் விழுந்த வாய்க்குச் சோற்றைக் கூழாகப் பிசைவாள். ருசிக்குக் கொஞ்சம் கருவாடு. ஓயாமல் தண்ணீர் குடித்துப் படுத்த இடத்திலேயே நனைத்ததால், தண்ணீரை மட்டும் காலையில் ஒரு வேளையோடு நிறுத்தியிருந்தாள்.

அது சோற்றைத் தொடாமல் கிடந்த அன்று, சைக்கிள் கேரியரில் சாக்கு விரித்துக் கட்டி, வலங்கைமான் மாட்டாஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

"கறவை மாட்டுக்கே இங்க மருந்து இல்ல. இந்தக் கிழவனைத் தூக்கிட்டு வந்தீங்களாக்கும்?" என்றார் டாக்டர். ஆனாலும் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அழுத்தினார். "கிட்னி போயிட்டிருக்கு. அதனாலதான் இத்தனை தண்ணி குடிக்குது. எப்பவும் பக்கத்துல தண்ணி இருக்கணும். நிறுத்தினா ரெண்டு நாள் தாங்காது. கருவாட்டைக் கண்ணுல காட்டாதீங்க."

அன்றிலிருந்து சட்டியில் தண்ணீர் குறையவில்லை. நாய் எழுந்து நடந்தது.

பண்ணையின் காரியஸ்தர் சிவசங்கரன் தினமும் வருவார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குனிந்து பார்ப்பார்.

"என்ன காளியம்மா, உசிரு இருக்கா?"

"இருக்குதுங்க. உங்களயும் என்னயும் அனுப்பி வச்சுட்டுத்தான் போகும்."

அவர் தலை மறைந்ததும் அவள் முகம் மாறிவிடும். "எப்படா சாகும்னு பாக்குறான்டி. செத்த அன்னிக்கே என் சட்டி பானையைத் தூக்கி வாய்க்கால்ல வீசுவான்."

ஒரு நாள் சிவசங்கரன் வாழை இலைப் பொட்டலத்தோடு வந்தார். உள்ளே ஆட்டு ஈரல். முட்டைகூடத் தொடாத சைவக்காரர் அதை இரண்டு விரல் நுனியில் பிடித்திருந்தார். "நாய்க்குப் போடு. தெம்பு வரட்டும்."

காளியம்மாள் அதைக் குப்பைமேட்டில் புதைத்தாள். மறுநாளும் பொட்டலம் வந்தது, மறுநாளும் புதைத்தாள். அடுத்த முறை அவர் போகவில்லை. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என் கண் முன்னால போடு. பாக்கணும்."

போட்டாள். சீசர் நக்கி நக்கித் தின்றது. அன்று முழுக்க அதன் வயிற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. விடிந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து அவள் முழங்காலை முட்டியது. விஷம் இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்த என் சித்தப்பா மகன் அரசப்பனிடம் சொன்னேன். அவன் அன்றைக்கே கொட்டகைக்கு வந்தான்.

"அத்தை, புதுச் சட்டம் வந்திருக்குல்ல? பண்ணை மனையில யாரு குடியிருக்காங்களோ அவங்களுக்கே மனை. தை பொறந்ததும் தாலுக்கா ஆபீசுலேந்து விசாரணைக்கு வர்றாங்க. 'இவ குடியிருக்கல, நாயைப் பாத்துக்கற வேலைக்காரி'ன்னு காட்ட அந்த ஆளுக்கு நாய் வேணும். அதான் ஈரல். அது செத்துட்டா நீ எதுக்கு இங்க இருக்கேன்னு அவரால சொல்ல முடியாது."

காளியம்மாள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளாக எதைக் காப்பாற்றினால் கூரை நிற்கும் என்று நம்பினாளோ, அதுவே கூரையைப் பிடுங்கப் போகிறது.

அரசப்பன் குரலைத் தாழ்த்தினான். "ரெண்டு நாள் தண்ணி வைக்காம இருந்தாப் போதும். தானா போகப்போற ஜீவன்தானே?"

"உங்கப்பன் வாதம் வந்து கிடந்தானே, அப்ப யாராச்சும் வந்து இப்படிச் சொன்னாங்களாடா? எந்திரிச்சுப் போ."

மறுநாள் உச்சிவேளையில் நான் போனபோது சட்டி காய்ந்து கிடந்தது. சீசர் அதன் அடியை நக்கிக்கொண்டிருந்தது. காளியம்மாள் முதுகைக் காட்டியபடி சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரம் பொறுத்து எழுந்தாள். குடத்தைச் சாய்த்தாள். சட்டி வழிந்து தரையெல்லாம் ஓடியது. அவள் நிறுத்தவில்லை.

விசாரணை அன்று அதிகாரி வாசலில் நின்றபடியே கேட்டார். ஊரில் பாதிப்பேர் கூடியிருந்தார்கள்.

"வேலைக்காரி சார்," என்றார் சிவசங்கரன். "நாயைப் பாத்துக்க வச்சிருக்கோம். அதுக்கு மாசாமாசம் நெல் அளக்கறோம். அதோ, நாயும் இருக்கு."

"அப்படியாம்மா?"

காளியம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினாள். "நாய் என்னோடதுங்க. நான் கல்யாணமாகி வந்ததுலேந்து இங்கதான் குடியிருக்கேன். நான் இருக்கறதால அது இருக்கு."

"பொய் சார்! அது பண்ணை நாய்!"

"பண்ணை நாய்னா ஏன் சென்னைக்குக் கூட்டிட்டுப் போகல?" என்றார் அதிகாரி.

"கார்ல எடம் பத்தலையாம்!" என்று அரசப்பன் கத்தினான். கூட்டம் சிரித்தது. அதிகாரி எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். தீர்ப்பு வர நாளாகும் என்றார்கள். அரசப்பன் ஆட்கள் அவளைச் சுற்றிக் கும்மாளம் போட்டுவிட்டுக் கலைந்தார்கள்.

நானும் அரசப்பனும் நின்றோம். சிவசங்கரனும் போகவில்லை. அவருக்குக் கோபம்கூட இருந்ததாகத் தெரியவில்லை.

"சரி. உன் நாய். நாலு பேர் முன்னால நீயே சொல்லிட்டே. இனிமே அதுக்கு என்ன ஆனாலும் பண்ணையைக் கேக்கக் கூடாது." முதல்முறையாகக் குனிந்து கையை நீட்டினார். எதையும் பார்க்காத, கேட்காத சீசர் தடுமாறி வந்து அந்த விரல்களை முகர்ந்து நக்கியது. "யாரு கை நீட்டினாலும் வருது பாரு," என்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

கொட்டகைக்குக் கதவே கிடையாது. மாடு கட்டிய இடம். குறுக்கே ஒரு மூங்கில் கழி, அவ்வளவுதான்.

"அரசப்பா, ஒரு கதவு கிடைக்குமாடா?"

"பட்டா வரட்டும் அத்தை, சங்கத்துல சொல்லிப் புதுக் கதவே போட்டுடலாம்."

"பட்டா மெதுவா வரட்டும். கதவு இன்னிக்கு வேணும்."

அவன் சிரித்தான். நானும் அவளும் சிரிக்கவில்லை. வெயில் இன்னும் இறங்கவில்லை. காளியம்மாள் நாயை உள்மூலைக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தாள். பிறகு பாயை எடுத்து வந்து வாசலுக்குக் குறுக்கே விரித்தாள்.