டிரம்மின் நடுவில் வைத்த பட்டை

அறையில் இருந்தவர்கள்: ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா. மேனேஜர். தியேட்டர் சிஸ்டர் ஸ்டெல்லா. தரம் பார்க்கப் புதிதாகச் சேர்ந்த செல்வி சிஸ்டர். இவர் சிதம்பரத்திலிருந்து தினமும் பாசஞ்சர் ரயிலில் வருபவர். அப்புறம் நான், ஏழுமலை. துணிகளை ஆவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் மெஷினை ஓட்டுபவன். ஐந்து பேர். நாற்காலி நான்கு. நான் நின்றேன்.

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. வருடம் 2012. அந்த மாதம் சிசேரியன் ஆன மூன்று பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துவிட்டது.

"யாரு பண்ண தப்புன்னு பேர எழுதிக் குடுங்க. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்," என்றார் மேனேஜர். முன்பு ஒருவரை அப்படித்தான் அனுப்பினார்.

"யாருங்கறது கெடக்கட்டும் சார். எங்கன்னு மொதல்ல தேடுவோம்," என்றார் செல்வி சிஸ்டர். "சலவைலேருந்து தியேட்டர் வரைக்கும் துணி போற வழியெல்லாம் நானும் கூடவே போறேன்."

மறுநாள் என் அறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். நான் பெருமையாகவே வேலையைக் காட்டினேன். முன்பு நெல்லிக்குப்பத்தில் கரும்பு லோடு ஏற்றியவன். இடுக்கு விடாமல் அடுக்கினால்தான் டிராக்டரில் லோடு சரியாது. அதே கைதான் இங்கேயும். டவல், கட்டுத்துணி எல்லாம் மெஷினுக்குள் போகும் டிரம்மில் வைத்து முட்டியால் அமுக்கி மூடுவேன். மற்றவர்கள் மூன்று லோடு போடுவதை இரண்டில் முடிப்பேன். அதற்காகவே தீபாவளிக்கு மேனேஜர் ஒரு வேட்டி கொடுத்தார்.

"ஒரு டிரம்முக்கு எத்தன டவல்ண்ணே?"

"கொள்ற மட்டும் சிஸ்டர்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைப் பட்டையை டிரம்மின் நடுவில் செருகினார். சரியாக ஆவி பட்டால் கறுக்கும். டிரம்முக்கு வெளியே ஒட்டும் டேப்பும் அப்படித்தான். அது எப்போதும் கறுத்துவிடும். உள்ளே வைத்து நாங்கள் பார்த்ததில்லை.

"ஆறினதும் தொறந்து எடுங்க. சாயங்காலம் மீட்டிங்குக்குக் கொண்டாங்க," என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திறந்தேன். வெளியே டேப் கறுப்பு. நடுவில் பட்டை வெள்ளை. வைத்தபடியே இருந்தது.

அறையில் வேறு யாருமில்லை. மிச்சப் பட்டைகள் மேஜையில் கிடந்தன. ஒன்றை உருவி அடுத்த லோடில் ஓரமாக வைத்தால் கறுத்துவிடும். என் வேலை பிழைக்கும். சீழ் வைத்த மூன்று பேரில் ஒருத்தி பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாமல் படுத்திருந்தாள். அவளுக்கு வெந்நீர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். வெள்ளைப் பட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மீட்டிங்கில் அதை மேஜைமேல் வைத்தேன்.

"அமுக்கி அடச்சது நான்தாங்க. நடுவுல ஆவியே போவல."

மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

"இருங்க," என்றார் டாக்டரம்மா. "அமுக்கி அடைக்கக் கூடாதுன்னு இவருக்கு யாராச்சும் சொல்லிக் குடுத்தீங்களா?"

ஸ்டெல்லா சிஸ்டர் மெதுவாகச் சொன்னார்: "வேட்டிதான் குடுத்தோம் டாக்டர்."

மேனேஜருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"இட்லி வேக தட்டுக்கும் தட்டுக்கும் நடுவுல எடம் உடறோம்ல, அது மாதிரிண்ணே," என்றார் செல்வி சிஸ்டர்.

"கரும்பு வேற இட்லி வேறன்றீங்க," என்றேன்.

"மூணு லோடுன்னா நேரமாவுமே," என்றார் மேனேஜர்.

"ஆவட்டும்," என்றார் டாக்டரம்மா. "காலைல ஒரு மணி நேரம் முன்னாடி மெஷின போடட்டும். நீங்க மொதல்ல இவருக்கு ஒரு நாற்காலி கொண்டாங்க."

மேனேஜரே தூக்கிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தேன்.

அன்றே எல்லா டிரம்மையும் பிரித்து, தளர அடுக்கி, மறுபடி போட்டோம். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு பட்டை. அத்தனையும் கறுத்தன. அவற்றை ஒட்ட ஒரு நோட்டு போட்டார் செல்வி சிஸ்டர். முதல் பக்கத்தில் என் வெள்ளைப் பட்டை. பக்கத்தில், 'கண்டுபிடித்தவர்: ஏழுமலை'. எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தேன்.

மூன்று பேருக்கும் புண் ஆறியது. தூக்க முடியாமல் கிடந்தவள் பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு, எனக்கு ஒரு லட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: டிரம்மில் கை நுழைய இடம் விடுங்கள். தப்பு கண்ணில் பட்டால் மேஜைமேல் வையுங்கள்.

அடுத்த மாதக் கடைசியில், ரயிலுக்குப் போகிற அவசரத்திலும் செல்வி சிஸ்டர் வார்டு போர்டில் எழுதிவிட்டுப் போனார். சிசேரியன் பத்தொன்பது. சீழ் பூஜ்யம்.