கூட்டித் துடைத்த கரை

கனடாவில், லொங்குய்ய் மெட்ரோ ரயில் நிலைய வாசலில் நானும் தங்கச்சி மகளும் பஸ்ஸுக்கு நிற்கிறோம். மன்னார்க் கடற்கரையில் நான் தனியாளாய்க் கட்டிய விடுதிக்கு, பிள்ளைகளுக்கு மணல்நண்டு காட்டத்தான் ஆட்கள் வருகிறார்கள். இப்போது நண்டைக் காணவில்லை. இங்கே நண்டுகளை ஆராய்கிறவள் அவள்; அவளிடம் காரணம் கேட்கிறேன்.

"மாமா, கரையைக் கூட்டுறனீங்களோ?"

"ஓம். விடிய ஒரு பாசி கிடக்காது. என்ரை ஒழுங்கு அப்பிடி."

"அந்தப் பாசியும் அதிலை வாற பூச்சியுந்தான் நண்டுக்குச் சாப்பாடு. கூட்டாமல் விடுங்கோ, குஞ்சுகள் கடலாலை வந்து சேரும்."

எட்டாம் வகுப்போடு இவ்வளவும் கட்டினவன் நான். நண்டுக்காக வாசலைக் குப்பையாய் விடவோ? எரிச்சலோடு மன்னாருக்குப் போன் எடுத்து மனேஜரிடம் சொல்கிறேன்:

"இனிக் கரையைக் கூட்டாதை. ஆரும் முகஞ்சுளிச்சால், கனடாவிலை படிச்ச என்ரை மருமகள் சொன்னதெண்டு சொல்லு."